மட்காட்டில் பெயின்ற் சுருங்கிவிட்டது, அவசரம்

துறைமுகத்தான்: அப்பப்பாவின் கார், அசல் சாம்பல் நிறம். தேய்ந்து விளிம்புகளில் கறள் தெரிகிறது. நிறம் கலந்து வாங்கிக் கதவில் தொட்டேன், நன்றாகப் பிடித்தது. அதே டப்பாவிலிருந்து முன் மட்காட்டில் பூசினால், அஞ்சு நிமிஷத்தில் பாலாடைபோல் சுருங்கி எழும்பிவிட்டது. ஞாயிறு கலியாணத்துக்குக் கார் வேண்டும். என்ன செய்ய?

கச்சான்காற்று: என்ன கார்? என்ன பெயின்ற்? என்ன தின்னர்?

உவர்மலையான்: உப்புக்காற்றுதான், வேறொன்றுமில்லை. எங்கள் கேற்றே இரண்டு வருஷம் தாங்குவதில்லை. நல்ல தண்ணீரில் கழுவினீர்களா?

துறைமுகத்தான்: மொரிஸ் மைனர். பெயின்ற், சட்டென்று காயும் செலுலோஸ் வகை என்று கடையில் சொன்னார்கள். கழுவினேன்.

பழையஇரும்பு: தம்பி, மைனர் 1948 முதல் 1971 வரை வந்தது. முன்கண்ணாடி ஒன்றா, நடுவில் பிரித்து இரண்டா? அதைக்கூடச் சொல்லாவிட்டால் நாங்கள் என்ன சாத்திரமா பார்ப்பது? உப்பு கறளைத் தரும், பெயின்ற்றைச் சுருக்காது. அடியில் இருப்பது எனாமல், வேறு வகைப் பெயின்ற். செலுலோஸ் தின்னர் பட்டால் அது ஊறிக் கிளம்பும். மறைவான இடத்தில் தின்னர் தொட்ட துணியால் தேய்த்துப் பாரும். நிறம் துணியில் கரைந்து வந்தால் செலுலோஸ், தோல் சுருங்கினால் எனாமல்.

கச்சான்காற்று: அப்படியென்றால் கதவு ஏன் சுருங்கவில்லை ஐயா?

பழையஇரும்பு: மைனர் மட்காட் போல்ட்டில் நிற்பது. யாரோ வேறு காரிலிருந்து கழற்றிப் போட்டிருப்பான். "அசல்" என்று எல்லாரும்தான் சொல்லுகிறார்கள்.

நிலாவெளிக்காரன்: பொனற்றைத் திறந்து எஞ்சினுக்குப் பின்சுவரில் உள்ள தகட்டைப் பாருங்கள். 1952 முதல் 1958 வரையான வண்டி என்றால் சேஸி இலக்கத்துக்கு முன்னால் மூன்று எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கும். மூன்றாம் எழுத்து நிறம். இரண்டாம் எண் பெயின்ற் வகை: 1, 2 சிந்தெற்றிக், அதாவது எனாமல்; 3 செலுலோஸ். 6 என்றால் உடம்பு செலுலோஸ், மட்காட் மட்டும் சிந்தெற்றிக். தொழிற்சாலையிலேயே அப்படி அடித்தவை உண்டு. சுருங்கியது நன்றாகக் காயட்டும். பிறகு வாட்டர் பேப்பரால் சமப்படுத்தி, கறளைச் சுரண்டி பிரைமர் வைத்து, எனாமலையே சின்னத் தூரிகையால் தொடுங்கள். செலுலோஸ் வேண்டாம்.

மூதூர்மச்சான்: ஏன் இந்தப் பாடு? ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவம் கலந்த டூ-கே பெயின்ற்றை முழுக்க அடித்துவிடுங்கள், கண்ணாடிபோல் இருக்கும்.

உவர்மலையான்: அப்பப்பா காலத்துப் பெயின்ற்றைச் சுரண்டி எறிந்துவிட்டு டூ-கேயா? பிறகு புதுக்காரே வாங்கலாமே.

மூதூர்மச்சான்: கலியாணப் படத்தில் கறள் தெரிந்தால் சனம் மாப்பிள்ளையைத்தான் கதைக்கும்.

நிலாவெளிக்காரன்: டூ-கே ஹார்ட்னரில் ஐசோசயனேற் என்ற நச்சு இருக்கிறது. முற்றத்தில் நின்று, துணி மாஸ்க்கோடு அடிக்கிற சாமான் இல்லை அது. நுரையீரல் போய்விடும்.

மூதூர்மச்சான்: எங்கள் பெயின்ற் பாஸ் முப்பது வருஷமாக அடிக்கிறார், ஒன்றும் ஆகவில்லை.

கச்சான்காற்று: அவரை மாடிப்படி ஏறச் சொல்லிப் பாருங்கள். அதுசரி, கார்க்காரர் எங்கே?

துறைமுகத்தான் (திங்கள்): மன்னிக்கவும், வேலை. கண்ணாடி இரண்டு. தகட்டில் அந்த இரண்டாம் எண் 6. மட்காட்டின் மேல் பூமாலை கட்டிச் சமாளித்தோம். எனாமல் வாங்கியாயிற்று. நன்றி.

பழையஇரும்பு: தகட்டையும் மாற்றியிருக்கலாம்.