கோப்பி நோயா, கைதூக்கியவர்களின் முடிவா?

பெரட்டுக்களம் (அட்டன்):
சென்ற ஞாயிறன்று எங்கள் வாசகர் வட்டத்தில், மலையகத் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் அன்றைய பிரதமர் டி. எஸ். சேனாநாயக்காவையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியவர்களே மிகுதி. 1869இல் தொற்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின் வந்த தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே அது ஆளைக் குடும்பத்தோடு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருத்திக்கொண்டது. இருந்தவர்களுக்கு 1931இல் வாக்கு கிடைத்தது. 1947 தேர்தலில் அந்த வாக்கு மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 7 ஆசனங்களைக் கொடுத்ததோடு, வேறு சில தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் கைகொடுத்தது. பிரதமர் நாற்காலியில் எவர் இருந்திருந்தாலும் அதைப் பறிக்கவே வழி தேடியிருப்பார்.

ஊவாக்காற்று (பண்டாரவளை):
நோய்க்கிருமி சட்டமூலம் கொண்டுவரவில்லை, ஐயா. நாங்கள் ஏன் மலையில் இருந்தோம் என்பதற்குத் தேயிலை விடை சொல்லும். எங்களை ஏன் நாடற்றவர்கள் ஆக்கினார்கள் என்பதற்குச் சொல்லாது. ஜி. ஜி. பொன்னம்பலமும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் தமிழ்க் காங்கிரஸ் என்ற ஒரே கட்சியினர், இருவரும் சட்டத்தரணிகள், இருவரும் வடக்கிலிருந்து தெரிவானவர்கள். முன்னவர் 1948இல் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே அரசாங்கத்தில் அமைச்சரானார். பின்னவர் முறித்துக்கொண்டு 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். சூழ்நிலைதான் மனிதனைச் செலுத்துகிறதென்றால், ஒரே சூழ்நிலை இந்த இருவரையும் இரண்டு திசையில் செலுத்தியது எப்படி?

பெரட்டுக்களம்:
நல்ல எடுத்துக்காட்டுத்தான். ஆனால் செல்வநாயகம் எதிர்த்தும் சட்டம் நின்றதே! தனிமனிதர் எப்படி முடிவெடுத்தாலும் விளைவு மாறவில்லை என்பதுதான் என் வாதம். 1964 ஒப்பந்தத்தில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நாடற்ற 975,000 பேரைக் கடலை மூட்டை பிரிப்பதுபோல் பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. நம்முடைய தாத்தாக்களிடம் எவராவது கேட்டார்களா?

ஊவாக்காற்று:
கேட்கவில்லை, ஆனால் அவர்கள் பதில் சொன்னார்கள். விண்ணப்பம் கோரப்பட்டபோது இந்தியப் பிரசாவுரிமை கேட்டவர்கள் ஒப்பந்தம் குறித்த தொகையை எட்டவில்லை. இலங்கைக்கு விண்ணப்பித்தவர்களோ ஒதுக்கிய இடத்தைவிட மிக அதிகம். 1988இலும் 2003இலும் மிச்சமிருந்தவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கச் சட்டம் இயற்ற வேண்டி வந்ததற்கு, போக மறுத்து இங்கேயே இருந்துவிட்ட அந்த மனிதர்களும் ஒரு காரணம். அவர்களை வெறும் துரும்பு என்றால் சட்டம் கொண்டுவந்தவனின் பொறுப்போடு அவர்களுடைய துணிவையும் சேர்த்தே துடைத்துவிடுகிறீர்கள்.

பெரட்டுக்களம்:
துரும்பு என்று நான் சொல்லவில்லை. இருந்தாலும், துணிவு என்று நீங்கள் சொல்வதில் பாதி பழக்கமும் அச்சமும்தான். தெரியாத ஊருக்குப் போகத் தயங்கியதைத் தெரிவு என்று எப்படிச் சொல்வது?

ஆறாம்நம்பர்மலை (தலவாக்கலை):
இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தாத்தாவும் பெரியதாத்தாவும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள். ஒரே பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்) பெயர் கொடுத்து, ஒரே கங்காணியின் கீழ் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர்கள். பெரியதாத்தா இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்து, இந்தியாவுக்குப் போகிறவர்களை அழுகையோடு ஏற்றிச்சென்ற 'ஒப்பாரிக் கோச்சி' ரயிலில் தலைமன்னாருக்குப் போனார். தாத்தா இலங்கைக்கு எழுதிக்கொடுத்தார். ஏன் என்று பாட்டியிடம் கேட்டபோது, "மாடு சினையா இருந்துச்சு, எப்புடி விட்டுட்டுப் போறது?" என்றார். இந்த விண்ணப்பத்தில் தேயிலை விலையும் இல்லை, கொழும்பு அரசியலும் இல்லை.

பெரட்டுக்களம்:
சினை மாடும் ஒரு புறக்காரணம்தானே, தம்பி? என் பக்கத்துக்கே சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

ஆறாம்நம்பர்மலை:
அப்படித்தான் நானும் எண்ணியிருந்தேன், அண்ணே. ஆனால் அந்த மாட்டில் பெரியதாத்தாவுக்கும் பாதிப் பங்கு இருந்தது.