அல்லேரி மலைப்பகுதிக்கு முதலுதவி ஏற்பாடு: ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தின் மலையூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்காக (கேரளத்தவர் அல்லர், பெயர் மட்டுமே ஒன்று) நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு முயற்சியைத் தொடங்க எண்ணியுள்ளோம். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை வசதியின்மையால் உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைய முடியாமல் இறந்ததும், அக்குழந்தையின் உடலைத் தாயே சுமந்து மலையேறியதும் பலருக்கு நினைவிருக்கும்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே முறிமருந்து உண்டு என்றாலும், அதை மருத்துவர் கண்காணிப்பில்தான் செலுத்த வேண்டும் என்பதால், கடிவாயைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும், கடிபட்டவரை நடக்கவிடாமல் விரைந்து கீழே இறக்குவதே ஊரார் செய்யக்கூடியது. டோலி கட்டித் தூக்கும் பழக்கம் அவர்களிடம் உண்டு. மழைக்காலத்தில் அதுவும் கடினம்.

ஒற்றையடிப் பாதைக்கு ஏற்ற மடக்கு ஸ்ட்ரெச்சர் எங்கே கிடைக்கும்? ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்கு வந்து முதலுதவிப் பயிற்சி அளிக்கக்கூடிய செவிலியர்கள் இக்குழுவில் இருக்கிறீர்களா? பைக் ஆம்புலன்ஸ் வேண்டி ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்வுக் கூட்டத்தில் மனு அளிக்க உள்ளோம். இத்தகைய மனுவை எழுதிய அனுபவம் உள்ளவர்கள் வரைவைத் திருத்தித் தந்தால் பேருதவியாக இருக்கும். பண உதவி இப்போது வேண்டாம்.