உறையூர் வீடு குழு: கார்த்தியின் கம்ப்யூட்டருக்கு மே மாதச் சூடு

*ஞாயிறு, மதியம்*

கார்த்தி: ராஜா மாமா, கடையில் இருக்கிறீர்களா? வீடியோ ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) போட்டால் சிபியு 100 டிகிரி தொடுகிறது, வேகம் தானாகக் குறைகிறது. பெரிய வாட்டர் கூலர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டாயிரம்.

அம்மா: எதுக்குடா பன்னிரண்டாயிரம்?

கார்த்தி: அம்மா கொஞ்சம் இரு, மாமா சொல்லட்டும்.

ராஜா மாமா: ஞாயிற்றுக்கிழமை கடை ஏது. வீட்டில்தான் இருக்கிறேன். காசை எடுக்காதே, முதலில் என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று சொல்.

கார்த்தி: சிபியு இன்டெல் ஐ5 12600கே, இசட்690 மதர்போர்டு. அதன் ஆறு பி கோரையும் (வேகமான கோர்கள்) ஓவர்கிளாக் செய்து, அதாவது வழக்கமான வேகத்துக்கு மேலே, 5.1 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியிருக்கிறேன். ஒற்றை டவர் கூலர், 120 மிமீ ஃபேன். டிசம்பரில் இதே செட்டிங்கில் 89-க்கு மேல் போனதே இல்லை. நான் ஒன்றையும் மாற்றவில்லை மாமா.

ராஜா மாமா: நீ மாற்றவில்லை, திருச்சி மாறிவிட்டதே. அறையில் இப்போது எவ்வளவு?

கார்த்தி: சுவர்க் கடிகாரத்தில் 38 காட்டுகிறது. டிசம்பரில் 27 இருந்திருக்கும்.

ராஜா மாமா: கணக்கு முடிந்தது. கூலரால் சிபியுவை அறைக் காற்றைவிட இத்தனை டிகிரி மேலே என்று நிறுத்தத்தான் முடியும். அறை 11 ஏறினால் சிபியுவும் ஏறக்குறைய 11 ஏறும். 89-ம் 11-ம் நூறு. நீ வாங்கப்போகும் வாட்டர் கூலருக்கும் இதே விதிதான்.

கலா அத்தை: தண்ணீர் ஓடினால் ஜில்லென்று இருக்காதா?

ராஜா மாமா: அது பானைத் தண்ணீர் இல்லை கலா. பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாகிறது, அதனால் காற்றைவிடக் குளிர்கிறது. இந்தக் கூலர் மூடிய குழாய், சொட்டு வெளியே வராது. சூட்டைச் சுமந்து ரேடியேட்டரில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். அறை 38 என்றால் அந்தத் தண்ணீர் 38-க்குக் கீழே போகவே போகாது.

செல்வி அக்கா: ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடு கார்த்தி 😄

ராஜா மாமா: சிரிக்காதே செல்வி, கடைக்கு வந்து கேட்டவர்கள் உண்டு. வெண்டைக்காயைக் குளிர வைக்கச் செய்த கம்ப்ரசர் அது. உள்ளே 180 வாட் அடுப்பு விடாமல் எரிந்தால் தோற்றுவிடும். அப்புறம் கதவைத் திறந்ததும் போர்டு முழுக்க வியர்க்கும்.

ராஜா மாமா: கார்த்தி, சிபியுவை முழு லோடில் சோதிக்கும் சினிபெஞ்சை ஓட விடு. பட்டனைத் தட்டியதும் எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் 100?

கார்த்தி: தட்டியதும் 84, 85. மூன்று நிமிடம் போல ஆகிறது நூறுக்கு.

ராஜா மாமா: அப்போ சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்டும் கூலர் ஸ்க்ரூவும் சரியாகத்தான் இருக்கின்றன. அங்கே கோளாறு என்றால் முதல் நொடியிலேயே நூறில் நிற்கும். இப்படி மெல்ல ஏறினால் இரண்டு காரணம். சூடு வெளியே போக வழியில்லை, அல்லது தேவைக்கு மேல் சூடு பிறக்கிறது. உனக்கு இரண்டும் இருக்கும் போல.

கார்த்தி: பேஸ்ட் மாற்றிப் பார்க்கட்டுமா?

கலா அத்தை: கொரோனா காலத்து சானிடைசர் நாலு பாட்டில் கிடக்கிறது, துடைக்க எடுத்துக்கொள்.

ராஜா மாமா: அதில் கிளிசரின் இருக்கிறது, படலம் விடும். துடைப்பதற்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹால்தான். ஆனால் இப்போது கழற்றவே வேண்டாம், நன்றாக இருப்பதை ஏன் கழற்ற வேண்டும். கேபினெட்டின் பக்கக் கதவை மட்டும் எடுத்துவிட்டு இன்னொரு முறை ஓட்டு. டிகிரியைப் பார்க்காதே, அது நூறிலேயேதான் நிற்கும். கிகாஹெர்ட்ஸ் எவ்வளவு என்று பார்.

கார்த்தி: கதவோடு 4.7. கதவில்லாமல் 4.8, சில சமயம் 4.85.

ராஜா மாமா: பார்த்தாயா. பெட்டிக்குள்ளேயே காற்று சுற்றுகிறது. எங்கே வைத்திருக்கிறாய்?

அம்மா: டேபிளுக்கு அடியில் அந்த மர அறைக்குள் ராஜா. பின்னால் சுவரை ஒட்டி.

ராஜா மாமா: வெளியே இழுத்து வையுங்கள் அக்கா. சுவருக்கும் பெட்டிக்கும் ஒரு ஜாண் இடைவெளி. பின்பக்க ஃபேன் தள்ளும் சூடு சுவரில் முட்டி, முன்னால் வந்து, மறுபடி உள்ளே போகிறது.

கலா அத்தை: டேபிள் ஃபேனை நேராகத் திருப்பி வைத்தால்?

ராஜா மாமா: வேலை செய்யும், பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரே மாதத்தில் தெருப் புழுதி மொத்தமும் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கும். முன்பக்க வலையைக் கழற்றித் தட்டினால் அதைவிட லாபம்.

கார்த்தி: கழற்றினேன். வலை மாதிரியே தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் துணி போல இருக்கிறது.

அம்மா: வாரத்துக்கு ஒரு தடவை துடை என்று யார் சொன்னது?

*மாலை*

ராஜா மாமா: சரி, இனிதான் முக்கியமான வேலை. அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோவைத் திற. விகோர் (சிபியு வோல்டேஜ்) எவ்வளவு, சிபியு பேக்கேஜ் பவர் (சிபியு இழுக்கும் வாட்) எவ்வளவு? முதல் நிமிடத்தில் காட்டுவதைச் சொல்.

கார்த்தி: 1.38 வோல்ட், 187 வாட். பவர் லிமிட் என்ற இடத்தில் 4096 வாட் என்று இருக்கிறது. இது என்ன மாமா?

ராஜா மாமா: லிமிட்டே இல்லை என்று அர்த்தம். இந்த சிபியுவுக்கு இன்டெல் போட்ட உச்சம் 150 வாட். போர்டு கம்பெனிகள் அதை அவிழ்த்துவிட்டுத்தான் அனுப்புகின்றன, பெஞ்ச்மார்க்கில் எண் நன்றாக வருமே. வோல்டேஜை நீ ஆட்டோவில் விட்டிருக்கிறாய், அப்படித்தானே?

கார்த்தி: ஆமாம்.

ராஜா மாமா: ஆட்டோவில் விட்டால் போர்டு எந்த மட்டமான சிப்புக்கும் போதுமான வோல்டேஜை ஏற்றிவிடும். உன் சிப்புக்கு அது தேவையில்லாமல் இருக்கலாம். வாங்கிய முதல் நாள் எடுத்த ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறதா?

கார்த்தி: இருக்கிறது. எல்லா கோரும் ஓடும்போது பி கோர் 4.5, வோல்ட் 1.20, 125 வாட்.

தாத்தா: ராஜா, இதை நான் சொல்கிறேன். இபியில் இருந்தவனுக்கு இது கூடவா தெரியாது. சூடு வோல்டேஜோடு நேராக ஏறாது, வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.38-ஐ 1.20-ஆல் வகுத்து வர்க்கம் போடு கார்த்தி.

கார்த்தி: 1.32 தாத்தா.

ராஜா மாமா: அப்பா சொல்வது சரி. அதோடு கிகாஹெர்ட்ஸையும் பெருக்க வேண்டும். 5.1-ஐ 4.5-ஆல் வகுத்தால் 1.13.

கார்த்தி: 1.32 தடவை 1.13, கிட்டத்தட்ட 1.5. அடடா, 125-இல் ஒன்றரை மடங்கு 187! அப்படியே வருகிறது.

தாத்தா: வேகம் 13 சதவீதம் கூடியது, சூடு 50 சதவீதம் கூடியது. வட்டிக்கடைக்காரன்கூட இப்படி வாங்க மாட்டான்.

அம்மா: அப்பா, ராத்திரி யுபிஎஸ் கத்துகிறதே, அதுவும் இதனால்தானா?

தாத்தா: யுபிஎஸ் மேலே என்ன எழுதியிருக்கிறது?

அம்மா: 600 விஏ. கீழே 360 வாட்.

தாத்தா: கார்த்தி, அந்த கேம் கார்டு எவ்வளவு இழுக்கும்?

கார்த்தி: ஆர்டிஎக்ஸ் 3060, 170 வாட்.

தாத்தா: 187-ம் 170-ம் 357. மானிட்டர், ஃபேன், பவர் சப்ளையில் வீணாவது எதையும் இன்னும் சேர்க்கவில்லை. கத்தாமல் என்ன செய்யும்? 150-க்கு இறக்கினாலும் விளிம்புதான். கூலருக்கு வைத்திருக்கும் காசில் பாதியைப் போட்டு 1000 விஏ ஒன்று வாங்கு. கரண்ட் போகும் நேரத்தில் ரெண்டரும் போகாது.

செல்வி அக்கா: மாமா, இடையில் ஒரு கேள்வி. என் ரைசன் 5 7600எக்ஸ் எப்போதும் 95-ல் நிற்கிறது. நான் ஓவர்கிளாக் எதுவும் செய்யவில்லை. பெங்களூரில் இந்த வெயிலும் இல்லை.

ராஜா மாமா: உன்னுடையது கோளாறு இல்லை செல்வி. ரைசன் 7000-இன் எக்ஸ் சிப்புகளை ஏஎம்டி அப்படித்தான் செய்திருக்கிறது. 95 வரை எவ்வளவு வேகம் கிடைக்குமோ எடுத்துக்கொள்ளும். பெரிய கூலர் போட்டால் சூடு குறையாது, கொஞ்சம் வேகம்தான் கூடும். பிடிக்கவில்லை என்றால் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரை) '65 வாட்' என்று பெயர் போட்ட ஈகோ மோடை வை. 142 வாட் வரை இழுப்பது 88 வாட்டில் நின்றுவிடும். உன் வேலைக்கு வித்தியாசமே தெரியாது.

கார்த்தி: என் நண்பன் 13900கே வைத்திருக்கிறான். 1.5 வோல்ட்கூடப் போகலாம், டெம்பரேச்சர் மட்டும் பார் என்கிறான்.

ராஜா மாமா: அவனிடம் முதலில் பயாஸை அப்டேட் செய்யச் சொல். இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டு நாளடைவில் பழுதானது 2024-ல் பெரிய விவகாரம். அந்த ஆகஸ்டில் இன்டெல் மைக்ரோகோட் (சிப்பின் உள்நிரல்) திருத்தம் விட்டு 1.55 வோல்ட் என்று வரம்பு கட்டியது. வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே கெட்ட சிப்பை அந்த அப்டேட் திருப்பித் தராது. உன் 12-ம் தலைமுறை அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக, டெம்பரேச்சர் குறைவாக இருந்தால் வோல்டேஜ் எதுவானாலும் பரவாயில்லை என்ற பேச்சை நம்பாதே.

ராஜா மாமா: நூறு தொட்டதால் உன் சிப் எரிந்துவிடாது, அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் பயாஸில் 5.1 என்று எழுதி வைத்து 4.7-ல் ஓடுவதில் என்ன பெருமை? 4.9 வை. வோல்டேஜ் 1.30-ல் தொடங்கி 0.02, 0.02 ஆக இறக்கிக்கொண்டே வா. லோட்லைனை (லோடு ஏறும்போது வோல்டேஜ் சரியாமல் தாங்கும் செட்டிங்) நடுவில் வை, உச்சத்துக்குத் தள்ளாதே. பவர் லிமிட் இரண்டையும் (நீண்ட நேரத்துக்கு ஒன்று, குறுகிய நேரத்துக்கு ஒன்று) 150 ஆக்கு.

*திங்கள், மாலை*

கார்த்தி: மாமா, 1.24-ல் நீலத் திரை வந்துவிட்டது. 1.26-ல் ஓடியது.

ராஜா மாமா: ஓடியது என்றால் எத்தனை நேரம்? வீயா எரர் (விண்டோஸ் பதிவு செய்யும் ஹார்ட்வேர் பிழை) ஏதாவது வந்ததா?

கார்த்தி: சினிபெஞ்ச் அரை மணி நேரம். மதியம் இரண்டரைக்கு, ஏசி போடாமல். எரர் ஒன்றுமில்லை. 149 வாட், உச்சம் 85, பி கோர் 4.9-ஐ விட்டு இறங்கவே இல்லை.

செல்வி அக்கா: நேற்று 5.1 வைத்து 4.7-ல் ஓடியது, இன்று 4.9 வைத்து 4.9-ல் ஓடுகிறதா. பன்னிரண்டாயிரம் மிச்சம்.

அம்மா: யுபிஎஸ் போக மீதி என்னிடம் வரட்டும்.

கார்த்தி: இன்னும் கடுமையான சோதனையான பிரைம்95-உம் ஓட்டட்டுமா? அதில் ஸ்மால் எஃப்எஃப்டி டெஸ்ட்?

ராஜா மாமா: அது ஏவிஎக்ஸ் (சிபியுவின் கனமான கணக்குக் கட்டளைகள்) போட்டு வாட்டும், உன் வீடியோ வேலை எதுவும் அந்த அளவுக்குப் போகாது. ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்து. 150 வாட் வரம்பு இருப்பதால் வேகம்தான் குறையும், பயமில்லை. அதைவிட ஒரு முழு ரெண்டர் போட்டுப் பார், அதுதான் உனக்குச் சோறு போடும் டெஸ்ட்.

கார்த்தி: டிசம்பரில் மறுபடி 5.1 போடலாம்தானே?

தாத்தா: ஒன்றரை மடங்கு சூடு என்று நேற்று யாருக்குச் சொன்னேன்?

ராஜா மாமா: போடட்டும் அப்பா, வயசு அது. ஆனால் கார்த்தி, இந்த செட்டிங்கை பயாஸில் ஒரு புரொஃபைலாகச் சேமித்து வை. அப்டேட் செய்தால் அதுவும் அழிந்துபோகலாம், அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்.

கார்த்தி: எடுத்துவிட்டேன். இங்கேயே போடுகிறேன், பத்திரமாக இருக்கும்.

ராஜா மாமா: இங்கே வேண்டாம்டா. நாளைக் காலைக்குள் உங்கள் அத்தையின் குட்மார்னிங் ரோஜாக்களுக்கு அடியில் போய்விடும்.

கலா அத்தை: 🌹🌹