வீட்டு பியானோ தானா வாசிக்கணும், எந்த சிஸ்டம் நல்லது? அவசரம்

ஓசூர்வாசி: வணக்கம், வீட்ல பியானோ இருக்கு, அது தானா வாசிக்கணும். டிஸ்க்லேவியர், பியானோடிஸ்க், க்யூஆர்எஸ், ஸ்டெயின்வே ஸ்பிரியோ இதுல எத மாட்டலாம்? ரெண்டு நாளா வீடியோ பாத்து மண்டை காயுது, கிறிஸ்துமஸுக்குள்ள ரெடி ஆகணும், சீக்கிரம் சொல்லுங்க.

பாலக்கோடு_கீபோர்டு: ப்ரோ, டிஜிட்டலா கம்பி பியானோவா?

தளி_ரோடு: அப்ரைட்டா (நெட்டா நிக்கறது) கிராண்டா (படுத்த மாதிரி பெருசா இருக்கறது), என்ன மேக், எவ்ளோ பழசு, பட்ஜெட் என்ன? ஒண்ணுமே சொல்லாம நாங்க எதச் சொல்றது.

சுதிமானி: தம்பி, கேள்வியே தப்பு. டிஸ்க்லேவியர் யமஹா ஃபேக்டரியிலயே பொருத்தி வர்றது. ஸ்பிரியோ ஸ்டெயின்வே கிராண்டுக்கு மட்டும். ரெண்டையும் தனியா வாங்கி மாட்ட முடியாது. இருக்கற பியானோவுல மாட்டறதுக்கு மிச்சம் பியானோடிஸ்க்கும் க்யூஆர்எஸ்ஸும்தான். இத இங்க எத்தனையோ தடவை எழுதிட்டேன், கேக்கறதுக்கு முன்னாடி பழைய பதிவ படிங்க.

தளி_ரோடு: ஜப்பான் செகண்ட் ஹேண்ட் டிஸ்க்லேவியர்னு யாராவது ஆசை காட்டுனா உஷார். அது 100 வோல்ட், நம்மூர் 230, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம சொருகுனா போச்சு. பழைய மாடல்ல பாட்டு போட ஃப்ளாப்பி டிஸ்க் வேற.

பாலக்கோடு_கீபோர்டு: என்ன கேட்டா முதல்ல ஸ்டெபிலைசர். தர்மபுரி சைடுல கரண்ட் ஏறி இறங்கி என் கீபோர்டு அடாப்டரே ரெண்டு போச்சு.

சுதிமானி: அதெல்லாம் பிறகு. ஒவ்வொரு கீயோட பின்பக்கத்துக்கும் அடியில ஒரு சோலனாய்டு (மின்காந்தச் சுருள்) உக்காரும், கரண்ட் பாஞ்சதும் அதோட தண்டு கீய மேல தள்ளும், ஹாமர்ங்கற சுத்தியல் போய் பியானோ கம்பிய அடிக்கும். 88 கீக்கும் இத வரிசையா வெக்க கீ வரிசைய தாங்கற கீபெட் பலகைய நீளவாக்குல அறுக்கணும். அறுத்தா அறுத்ததுதான். சம்மதமா?

காவேரிப்பட்டணம்_அக்கா: இதுக்கு செலவு பண்றதுக்கு பிள்ளைய கிளாஸுக்கு அனுப்பலாம். தானா வாசிச்சா அப்புறம் எந்தப் பிள்ளை பிராக்டிஸ் பண்ணும்?

தளி_ரோடு: அக்கா, என் பொண்ணு கீ இறங்கறத பாத்துதான் விரல் போடவே கத்துக்கிட்டா.

காவேரிப்பட்டணம்_அக்கா: பாத்து போடறது வேற, காதுல கேட்டு போடறது வேற தம்பி. முப்பது வருஷமா சொல்லிக் குடுக்கறேன்.

ஓசூர்வாசி: மன்னிச்சுக்கங்க, டியூட்டில இருந்தேன். கம்பி பியானோதான், அப்ரைட், தாத்தா காலத்துது, மேக் பேர் அழிஞ்சிடுச்சு. பிள்ளைங்களுக்கு இல்லைங்கக்கா, எங்கம்மாவுக்கு. சர்ச்ல நாப்பது வருஷம் வாசிச்சவங்க, இப்ப விரல் மடங்க மாட்டேங்குது. ஸ்பீக்கர்ல போட்டா வேணாம்னுட்டாங்க, அவங்க பியானோ சத்தம்தான் வேணுமாம்.

காவேரிப்பட்டணம்_அக்கா: இத முதல்லயே சொல்லிருக்கலாமே சாமி. செய்ங்க.

சுதிமானி: அப்போ சிஸ்டத்துக்கு முன்னாடி சுதி சேக்கற ட்யூனர கூப்பிடுங்க. உடம்பு சரியில்லாத பியானோவுல எதப் போட்டாலும் சத்தம் கம்மியா வாசிக்கற இடத்துல நோட்டு கேக்காமலே போயிடும்.

ஓசூர்வாசி: பெங்களூர்லருந்து ட்யூனர் வந்தாரு. கீழ்ப்பலகைய கழட்டுனா உள்ள ஒரே எலிப்புழுக்க, ஃபெல்ட்டையும் கடிச்சு வெச்சிருக்கு, கம்பிய இறுக்கிப் பிடிக்கற ட்யூனிங் பின் ஏழெட்டு லூஸ். முதல்ல இது, சிஸ்டம் அடுத்த வருஷம்தான்னுட்டாரு. அவர் வேலை முடிக்கற வரைக்கும் அம்மா பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்துட்டாங்க. எல்லாருக்கும் நன்றி.

தளி_ரோடு: லூஸ் பின்னுக்கு ஒரு சைஸ் பெருசா போடச் சொன்னீங்களா?

தளி_ரோடு: ப்ரோ?