பீஸத், பிஸாத்

2010-ல் ரஷ்யாவின் சமாரா நகருக்கு, நாங்கள் தத்தெடுக்கவிருந்த பையனைப் பார்க்க முதல் முறை போனோம். அதற்கு முன் நியூ ஜெர்சியில் ஐந்து மாதம் ரஷ்ய மொழி படித்திருந்தேன். டிக்கெட் வாங்கத் தெரியும். நீதிமன்றத்தில் பெயரும் ஊரும் சொல்லத் தெரியும். குழந்தைகள் இல்லத்தில் மூன்று வயதுப் பிள்ளை எதிரில் வந்து நின்று பேசியபோது அதில் எதுவுமே கைகொடுக்கவில்லை.

"பீஸத்" என்றான். 'எழுத' என்று பாடத்தில் படித்த சொல்லாகவே எனக்குக் கேட்டது. பென்சிலும் காகிதமும் எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. கால்களை இறுக்கிக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னான். சற்று நேரத்தில் அவனுடைய கல்கோத்கி (இடுப்புவரை ஏறும் காலுறை) நனைந்துவிட்டது. அழாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

ஒன்றுக்குப் போக வேண்டும் என்றிருக்கிறான். எழுதுவது பிஸாத். ரஷ்ய எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். அழுத்தம் விழும் இடத்தில்தான் பொருள் மாறுகிறது.

அன்றிரவே ஒரு நோட்டுப் போட்டேன். தமிழ் எழுத்தில்தான் எழுதினேன்: அழுத்தம் விழும் அசைக்கு நெடில், மற்றவற்றுக்குக் குறில். மறுநாள் முதல் அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். கஞ்சி காஷ, மலம் கழிக்க உட்காரும் சட்டி கர்ஷோக், அடிபட்டால் போ-போ (நம் வீட்டு உவ்வா), பகல் தூக்க நேரம் தீஹி ச்சாஸ். பாடத்தில் கால் 'நகா'; பிள்ளைகளிடம் அது 'நோஷ்க'. உடம்பின் உறுப்பு, கரண்டி, தொப்பி எல்லாவற்றையும் செல்லப் பெயராக மாற்றித்தான் அவர்களிடம் பேசுகிறார்கள். அந்தச் செல்லப் பெயரைச் சொன்னால்தான் பிள்ளை திரும்பிப் பார்க்கிறது.

இரண்டு சொற்கள் என் தமிழ்க் காதைத் தடுமாற வைத்தன. 'மாம' என்று என்னைக் கூப்பிட்டபோது எனக்கு என் தாய்மாமன் நினைவுதான் வந்தது. கை நீட்டி 'தாய்' என்றால் 'கொடு'. தகரத்தை 'தம்பி'யில் வருவதுபோல் அல்லாமல் 'பந்து'வில் வருவதுபோல் ஒலிக்க வேண்டும். அவன் கேட்டது பிஸ்கட்டைத்தான் என்று தெரிந்தும், ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைந்துபோகும்.

ரஷ்யாவிலிருந்து தத்தெடுக்கும் வழி 2013 ஜனவரி முதல் அமெரிக்கர்களுக்குச் சட்டப்படி மூடப்பட்டுவிட்டது. வேறு நாட்டிலிருந்து ரஷ்ய மொழி பேசும் பிள்ளையை அழைத்து வருபவர்கள் 'ந ரூச்கி' என்பதை முதலில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'தூக்கிக்கொள்' என்று அர்த்தம். எங்கள் பையன் விமானத்தில் பத்து மணி நேரம் அதைத்தான் சொன்னான். புரிந்ததால் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்தது 'மோஷ்ன'. செய்யலாமா என்ற கேள்வியும் அதுவே, செய்யலாம் என்ற பதிலும் அதுவே. வீட்டுக்கு வந்த பிறகும் ரொட்டியைத் தொடுமுன், தன் பொம்மைப் பெட்டியைத் திறக்குமுன்கூட "மோஷ்ன?" என்று நின்று கேட்பான். "மோஷ்ன, மோஷ்ன" என்று நாள் முழுக்கச் சொல்வேன். ஏழாம் மாதம் ஒரு காலை, சமையலறையில் அவனாகவே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, யாரையும் கேட்காமல் ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.