கரி அடுப்பை வைத்துக் கொலையை மறைக்க முடியுமா? கொடைக்கானல் நாவலுக்கு உதவி தேவை

சோலைக்குருவி:
கொடைக்கானலில் நடக்கிற ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். சுற்றுச்சுவருக்குள் பன்னிரண்டு வில்லா, ஒரே கேட். ஜனவரி உறைபனி. தனியாக இருக்கும் பெரியவர் காலையில் படுக்கையிலேயே இறந்து கிடக்கிறார். ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது, மூலையில் அணைந்துபோன கரி அடுப்பு. குளிருக்கு மூட்டிய கரியால் போய்விட்டார் என்று எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில், பக்கத்து வில்லாக்காரர் தலையணையால் அமுக்கிக் கொன்ற பிறகுதான் அடுப்பைக் கொண்டுவந்து வைக்கிறார். இன்ஸ்பெக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

மன்னவனூரான்:
கதை 2024 மே 7-க்குப் பிறகு நடந்தால், வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு. அதை வைத்தே யார் யார் மேலே வந்தார்கள் என்று பார்த்துவிடலாம். ஆனால் பஸ்ஸில் வந்தவனுக்கு இ-பாஸ் கிடையாது, அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்கக் கேட்டை ஒட்டிக் காட்டுமாடு நின்றது என்று வாட்ச்மேனைச் சொல்ல வையுங்கள். அதைத் தாண்டி எவனும் போக மாட்டான்.

செண்பகனூர் சிஸ்டர்:
தம்பி, மலை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதைச் சரியாக எழுதுங்கள்.

கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூச்சில் போய், ரத்தத்தில் ஆக்சிஜனுக்கு உள்ள இடத்தை அது பிடித்துக்கொள்ளும். மூச்சு நின்றவர் ரத்தத்தில் அது எப்படி ஏறும்? உங்கள் கொலைகாரன் மாட்டுவது இங்கேதான். எல்லோர் ரத்தத்திலும் அது மிகக் கொஞ்சம் இருக்கும், புகை பிடிப்பவர் ரத்தத்தில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆகவே பெரியவருக்குச் சிகரெட் பழக்கம் வேண்டாம்.

இன்னொன்று. இந்த வாயுவால் இறந்தவர் மல்லாந்து கிடந்தால், முதுகுப் பக்கம் ரத்தம் தங்கிய இடம் செர்ரிப்பழம் மாதிரி சிவந்திருக்கும். வெறும் குளிரில் கிடந்த உடம்பிலும் அந்த இடம் இளஞ்சிவப்பாகத் தெரியலாம். அதனால் முதலில் பார்க்கும் டாக்டர் ஏமாறுவதில் தப்பே இல்லை. ரத்த ரிப்போர்ட் வரும்வரை கதையை இழுக்கலாம். போஸ்ட்மார்ட்டத்தில் உதட்டின் உள்பக்கத்தைப் பார்ப்பார்கள். தலையணையை அழுத்தினால் பல் பதிந்து அங்கே காயம் இருக்கக்கூடும்.

இறந்த நேரத்தை மணி, நிமிடம் என்று எழுதாதீர்கள். குளிரில் உடம்பு மெதுவாகத்தான் விறைக்கும், கரி எரிந்து அறை சூடாகியிருந்தால் கணக்கு மாறிவிடும்.

கோர்ட்டு வாசல்:
2024 ஜூலை 1-க்குப் பிறகு என்றால் முதலில் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 194-இல் சந்தேக மரணம் என்றுதான் பதிவாகும். ரிப்போர்ட் வந்ததும் பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 103-க்கு, அதாவது கொலை வழக்காக, மாற்றுவார்கள். பழைய ஐ.பி.சி.யின் கொலைப் பிரிவான 302 என்று பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள்.

சோலைக்குருவி:
நன்றி சிஸ்டர். அடுப்பு மூட்டினாலும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஒரு பாத்திரம் சொல்லலாமா?

செண்பகனூர் சிஸ்டர்:
வேண்டவே வேண்டாம். அதை நம்பி யாராவது ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துப் படுப்பார்கள். தூங்கும் அறைக்குள் கரி அடுப்பே கூடாது என்று சொல்ல வையுங்கள்.