பரு மாத்திரையும் காரணமில்லாத அழுகையும்

கேள்வி: ஐசோட்ரெடினோயின் 20 மி.கி. சாப்பிட ஆரம்பித்து ஆறு வாரம். உதடு வெடித்து உரிகிறது, அது போகட்டும். இரண்டு வாரமாகக் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. நேற்று பல் துலக்கிக்கொண்டே அழுதேன். மாத்திரையாலா, நானேதானா?

பதில் 1: எனக்கும் வந்தது. மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு மாதம் இழுத்தடித்தேன், முட்டாள்தனம். சொன்னதும் நிறுத்தச் சொன்னார். சில வாரங்களில் தெளிந்தேன்.

பதில் 2: எனக்கு நேர்மாறு. முகம் தெளியத் தெளிய மனசும் தெளிந்தது. பருவே ஆளை வாட்டும் இல்லையா? ஆய்வுகளிலும் தொடர்பு உறுதியாகவில்லை. ஆனாலும் பிரிட்டனில் 2023இல், 18 வயதுக்குக் கீழ் என்றால் மருந்தெழுதும் இருவர் ஒப்புக்கொண்டால்தான் தொடங்கலாம் என்று விதி கொண்டுவந்தார்கள்.

கேட்டவர்: சரி, இன்றே பேசுகிறேன்.

பதில் 1: பேசுங்கள். சாகலாம் போலத் தோன்றினால் மட்டும் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.